திருநாளைப்போவாரும் ஊர் வழக்கும்

சேக்கிழார் சுவாமிகள் 12ஆம் நூற்றாண்டில் அருளிய திருநாளைப்போவார் புராணத்தில், நந்தனாரை நேர்நின்று தடுப்பவர் ஒருவரேனும் இலர். ஆதனூரில் மானியநிலம் கொண்டு வாழ்ந்த அப்பெரியார், திருக்கோயிற் பேரிகைகட்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் உதவியவர். அவர் கை தந்த பொருள் சந்நிதி வரை சென்றது. அவரோ திருப்புன்கூரில் வாயிற்புறத்தே நின்றார். தில்லையில் மதிற்புறத்தே வலம் வந்தார். காவலன் விலக்கினானல்லன், ஊர் வழக்கே அவருள்ளத்துட் குடிகொண்டு விலக்கிற்று. 'நாளைப் போவேன்' என்று நாள் கழித்தமைக்கும் ஏது அதுவே. வழக்கின் வன்மையை இதனினும் நுட்பமாகக் காட்டல் அரிது.

19ஆம் நூற்றாண்டினராகிய கோபாலகிருஷ்ண பாரதியாரோ, தம் கீர்த்தனையில் வேதியராகிய பண்ணையார் ஒருவரைப் படைத்து, அத்தடையை அவர்மேல் ஏற்றினார். கேட்போர் அவ்வொருவரை வெறுத்து, அவரையும் ஆட்டிவைத்த வழக்கை மறந்து வீடு செல்வர். இசை இனிதாயின் மறதி இன்னும் எளிது! ஆயினும், பண்ணையடிமையின் துயரைச் சேக்கிழார் பாடிற்றிலர்; பாரதியார் பாடினார். அது குற்றமன்று, வேறு நூல். அதனையே பெரியபுராணக் கதையென்று வழங்குவார் கூற்றுத்தான் பொருந்தாது.