ஐயமும் அருளும்: கிறித்து பிறப்பு இலக்கியங்களில் விசுவாசமும் இரக்கமும் – ஒரு பாலக்கோட்டு வாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

கிறித்து பிறப்பைப் பாடும் தமிழ் இலக்கியங்கள் இதுவரை பெரும்பாலும் தமிழ் மரபைத் தழுவிய திறம் என்னும் அளவுகோலால் மதிப்பிடப்பட்டுள்ளன. அவை விசுவாசத்துக்கும் இரக்கத்துக்கும் இடையே எத்தகைய உறவை அமைக்கின்றன என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. வீரமாமுனிவரின் தேம்பாவணியில் வரும் சூசையின் ஐயத்தையும், வேதநாயகம் சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியில் வரும் குறத்தியின் வருகையையும் இக்கட்டுரை அவ்வினாவின் நோக்கில் ஆராய்கிறது. தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டாரத்தின் சமூகச் சூழல் இவ்வாய்வின் வாசிப்புக் களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தேம்பாவணி, பெத்லகேம் குறவஞ்சி, அருளுடைமை, விசுவாசம், பாலக்கோடு, தொட்டில் குழந்தைத் திட்டம்.

முன்னுரை

தமிழில் கிறித்தவ இலக்கியம் காப்பியம், குறவஞ்சி, அம்மானை, கீர்த்தனை எனப் பல வகைகளில் வளர்ந்துள்ளது. தேம்பாவணி (1726), பெத்லகேம் குறவஞ்சி, எச்.ஏ. கிருட்டிணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894), கண்ணதாசனின் இயேசு காவியம் ஆகியவை இவ்வளர்ச்சியின் முதன்மையான நூல்கள். இந்நூல்களைப் பற்றிய ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் எழுப்பப்படும் வினா, அயல்நிலத்துச் செய்தி தமிழ் உருவத்தை எவ்வாறு பெற்றது என்பதாகும். அவ்வினா பயனுடையதே. எனினும் அது உருவத்தோடு நின்றுவிடுகிறது. கவிஞன் தன் விசுவாசத்தைப் பாடும்போது பிறர் துயரைக் கண்டானா, கண்டதைக் கதையின் எந்த இடத்தில் வைத்தான் என்பது பொருள் சார்ந்த வினா. கிறித்து பிறப்புக் காலத்தில் ஆண்டுதோறும் ஒலிக்கும் மறையுரைகளும் பாடல்களும் விசுவாசம், இரக்கம் என்னும் இரு சொற்களையும் இணைத்தே வழங்குகின்றன. அவ்விணைப்பு இயல்பானதா, உழைத்துப் பெற வேண்டியதா என்பதை இவ்விரு நூல்களையும் கொண்டு சோதிக்கலாம்.

பாலக்கோடு: வாசிப்புக் களம்

கேழ்வரகும் தக்காளியும் மாவும் விளையும் பாலக்கோடு வட்டம் பெரும்பகுதி மழையை நம்பிய நிலம். பஞ்சப்பள்ளியில் உள்ள சின்னாறு அணையும் ஏரிகளும் மழை பொய்த்த ஆண்டுகளில் கைகொடுப்பதில்லை. வேலை தேடி ஓசூருக்கும் பெங்களூருக்கும் செல்லும் குடும்பங்கள் இங்குப் பல. பழைய தகடூர் நாட்டின் பகுதியான இவ்வட்டாரம் ஆநிரை காத்து மடிந்தோருக்கு எடுத்த நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. கிறித்தவர் இங்கு மிகச் சிறுபான்மையினர். ஆயினும் மார்கழிக் குளிரில் கூரைகளில் தொங்கும் விண்மீன் விளக்குகளும் வீடுதோறும் சென்று பாடும் கீதக் குழுக்களும் ஊரார் அனைவரும் அறிந்த காட்சிகள்.

இக்களத்திலிருந்து வாசிக்கும்போது கிறித்து பிறப்புக் கதையின் சில கூறுகள் அணி என்னும் நிலையை இழந்து செய்தி என்னும் நிலையை அடைகின்றன. குடிக்கணக்குக்காகப் பெயர்ந்து சென்ற குடும்பம், இடம் கிடைக்காத விடுதி, இரவில் மந்தை காத்தோர் ஆகியவை முல்லை நிலத்து மக்களுக்குத் தொலைவில் உள்ளவை அல்ல. தேம்பாவணி யூதேய நாட்டை மழையும் ஆறும் செழிப்பும் நிறைந்த நிலமாகக் காப்பிய மரபுப்படி வருணிக்கிறது. பாலக்கோட்டு வாசகர் அவ்வளத்தைக் கேட்டறிந்த ஒன்றாகவே கொள்வர். அவர்கள் தம் நிலத்தைக் காணும் இடம் நாட்டுப் படலத்தைக் கடந்து வரும் மாட்டுக் கொட்டில்தான்.

சூசையின் ஐயம்: இரக்கம் முந்திய விசுவாசம்

இத்தாலியில் பிறந்து தமிழகம் வந்த வீரமாமுனிவர் (1680–1747) தம் காப்பியத்துக்குச் சூசையைத் தலைவனாக்கினார். 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியத்தின் தலைவன் ஒரு தச்சன். தாவீதின் மரபில் பிறந்தவன் என்னும் சிறப்பு அவனுக்கு உண்டு. ஆனால் முடியும் படையும் இல்லை. தன்னிகரில்லாத் தலைவன் என்னும் காப்பிய இலக்கணத்தை இத்தேர்வு உள்ளிருந்தே மாற்றுகிறது.

மரியாள் கருவுற்றிருப்பதைச் சூசை அறிந்ததையும் அவன் எடுத்த முடிவையும் மத்தேயு நற்செய்தி ஒருசில வசனங்களில் கூறி முடிக்கிறது. வீரமாமுனிவர் இதற்கு ‘ஐயந்தோற்று படலம்’, ‘ஐயநீங்கு படலம்’ என இரு படலங்களை ஒதுக்குகிறார். குறையற்ற தலைவனைப் பாடும் காப்பியத்தில் ஐயம் ஒரு குறையாகத் தோன்றக்கூடும். அதை மறைக்கவோ சுருக்கவோ கவிஞருக்கு வாய்ப்பு இருந்தது. அவர் அவ்வாறு செய்யாமல் ஐயத்தைப் படலத்தின் பெயராகவே உயர்த்தினார்.

நற்செய்தியின் நிகழ்ச்சி வரிசை இங்குக் கருதத்தக்கது. வானதூதர் கனவில் தோன்றி உண்மையை உணர்த்துவதற்கு முன்பே, மரியாளை ஊரறிய இழிவுபடுத்துவதில்லை என்று சூசை முடிவு செய்துவிடுகிறான். அவனிடம் அப்போது விளக்கம் இல்லை. அவனுக்குத் தெரிந்தது தன் துயரமும், ஒரு பெண் ஊராரிடம் அகப்பட்டால் என்ன நேரும் என்பதும் மட்டுமே. பழைய சட்டம் கல்லெறியை விதித்திருந்தது. நீதிமான் என்று அழைக்கப்படும் ஒருவன் அச்சட்டத்தைக் கையில் எடுக்காமையே அவனது நீதி என்று கதை சொல்கிறது. விசுவாசம் உறுதிப்படுவதற்கு முன்பே இரக்கம் செயல்பட்டுவிட்டது.

இவ்விடத்தைத் தமிழ் அறமரபு கொண்டு மேலும் விளக்கலாம். திருக்குறள் அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையை துறவறவியலிலும் வைக்கிறது. தொடர்புடையார் மேல் செல்வது அன்பு. தொடர்பு நோக்காது எல்லா உயிர் மேலும் செல்வது அருள் என்பது உரைமரபு. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவர் இவ்வேறுபாட்டை அறியாதவர் அல்லர். சூசை–மரியாள் இல்வாழ்வைப் பாடும் பகுதிக்கு அவர் ‘ஈரறம் பொருத்து படலம்’ எனப் பெயரிட்டதும் தற்செயலன்று. இல்லறமும் துறவறமும் ஒருங்கே பொருந்திய அவ்வாழ்வு ஐயத்தால் சோதிக்கப்படுகிறது. மனைவி என்னும் தொடர்பே ஐயத்துக்கு உள்ளாகும்போது அன்பு தளரலாம். தொடர்பை நோக்காத அருள் தளர வேண்டியதில்லை. சூசை அந்நெருக்கடியில் அருளை ஆள்கிறான்.

ஆயினும் அவ்வருளுக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் திறனாய்வு சுட்ட வேண்டும். சூசை முதலில் எடுத்த முடிவு மரியாளை மறைவாக விலக்குவதே. பழி தவிர்க்கப்படும், பிள்ளையும் தாயும் தனித்து விடப்படுவர். வானதூதரின் சொல் அவ்வெல்லையைக் கடக்கச் செய்கிறது. மரியாளை ஏற்றுக்கொள்ளவும், பிறக்கும் மகவுக்குப் பெயரிடவும் அது பணிக்கிறது. இரக்கம் தீங்கு செய்யாமல் தடுத்தது. விசுவாசம் பொறுப்பை ஏற்கச் செய்தது. ஐயம் நீங்கியதன் விளைவு மனஅமைதி மட்டுமன்று, திறந்த வீடும் ஆகும்.

வாசலில் வந்த குறத்தி: விசுவாசத்தின் உருவம்

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) சுவார்ட்சு ஐயரின் மாணவர். இரண்டாம் சரபோசி மன்னருடன் பயின்றவர். அவரது பெத்லகேம் குறவஞ்சியில் பெத்லகேம் நாதர் தலைவர். திருச்சபையின் உருவகமான தேவமோகினி தலைவி. குறி சொல்ல வரும் குறத்தி விசுவாசத்தின் உருவகம். மலைவளமும் நாட்டுவளமும் கூறும் மரபான பகுதிகள் இங்கு விவிலிய நிலப்பரப்பையும் அக்கால உலக நிலவியல் அறிவையும் ஏற்றுள்ளன. சிங்கனின் பறவைவேட்டை ஆன்மாக்களைத் திரட்டும் திருப்பணியாகிறது.

இவ்வுருவகத்தைப் புலமை விளையாட்டாகக் கண்டு பாராட்டுவது வழக்கம். விசுவாசத்துக்கு யாருடைய உருவம் அளிக்கப்பட்டது என்று கேட்கும்போது வேறொரு பொருள் வெளிப்படுகிறது. குறவஞ்சி மரபில் குறத்தி ஊர் ஊராக அலைபவள், கூடை சுமப்பவள், குறி சொல்லிக் கூழும் துணியும் பெறுபவள். தலைவி அறியாததை அவள் அறிவாள். ஆனால் தலைவியின் வாசலில் நின்றே சொல்ல வேண்டியவள். குருவையோ அரசனையோ தேர்ந்தெடுத்திருக்கக்கூடிய கவிஞர் விசுவாசத்துக்கு இவளைத் தேர்ந்தார். மரபின் இயல்பே இத்தேர்வுக்குக் காரணம் எனலாம். எனினும் மரபு தந்த இடத்தில் விசுவாசத்தை வைத்தபின் அதன் விளைவும் உடன் வருகிறது. விசுவாசத்தை வரவேற்பதும் பசித்து வந்தவளை வரவேற்பதும் இந்நூலில் ஒரே செயலாகின்றன. குறத்திக்கு உணவளித்து, உட்காரச் செய்து, கையை நீட்டாமல் தேவமோகினியால் குறி கேட்க இயலாது. சூசையின் கதையில் இரக்கம் விசுவாசத்துக்கு முன் வந்தது. இங்கு விசுவாசமே இரக்கத்தை எதிர்பார்த்து வாசலில் நிற்கிறது.

பாடலும் பந்தியும்: ஒரு முரண்

சாஸ்திரியாரின் வாழ்வு இவ்வாசிப்புக்குக் கடினமான வினா ஒன்றை எழுப்புகிறது. 1820களின் இறுதியில் தஞ்சைத் திருச்சபையில் சாதிவாரி இருக்கையையும் நற்கருணையில் நிலவிய வேறுபாட்டையும் நீக்கப் புதிய மிசனரிமார் முயன்றனர். வேளாளக் கிறித்தவர் அதை எதிர்த்தனர். அவர்கள் சார்பில் எழுதியோருள் முதன்மையானவர் சாஸ்திரியார். 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி வேறுபாட்டைக் கைவிட வேண்டும் என்று கண்டிப்பாகப் பணித்த பின்னும் பூசல் ஓயவில்லை. அம்மிசனரிமாரின் அணுகுமுறையில் ஆதிக்கத் தொனி இருந்தது என்பதும், உள்ளூர் இசைக்கும் வழக்கங்களுக்கும் அவர்கள் காட்டிய இறுக்கம் புண்படுத்தியது என்பதும் மறுக்கத்தக்கன அல்ல. ஆயினும் பாடலில் குறத்தியை விசுவாசமாக்கி வாசலுக்கு அழைத்த கவிஞர், ஆலயத்தில் ஒடுக்கப்பட்டோருடன் ஒரே பாயில் அமர்வதை ஏற்கவில்லை என்னும் உண்மை மாறாது. கத்தோலிக்க மதுரை மிசனும் உயர்சாதியாருக்குச் சந்நியாசிகளையும் பிறருக்குப் பண்டாரசாமிகளையும் தனித்தனியே அனுப்பிய வரலாறு உடையது. எனவே இது ஒருவரின் குறை மட்டுமன்று.

இம்முரணைக் காட்டிப் பெத்லகேம் குறவஞ்சியைத் தள்ளிவிடுவது எளிது. கவிஞரின் வாழ்வு வேறு, நூல் வேறு என்று பிரித்துக் காப்பாற்றுவதும் எளிது. இரண்டும் போதா. நூல் தன் ஆசிரியரைக் கடந்து நிற்கிறது. அதனாலேயே அவர்மீது சாட்சியாகவும் நிற்கிறது. இரக்கம் உருவகமாக மட்டும் தங்கிவிடும்போது விசுவாசம் கதவை மூடவும் கற்றுக்கொள்கிறது என்பதை இந்நூலையும் அதன் ஆசிரியரையும் சேர்த்து வாசிக்கும்போதே அறிய முடிகிறது.

தீவனத் தொட்டியும் தொட்டிலும்

குழந்தை கிடத்தப்பட்ட இடத்தைப் புரட்டஸ்தாந்தர் வழங்கும் தமிழ் விவிலியம் ‘முன்னணை’ என்கிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘தீவனத் தொட்டி’ என்கிறது. முன்னது வழக்கொழிந்து புனிதச் சொல்லாகிவிட்டது. பின்னது கறவை வைத்திருக்கும் எவ்வீட்டிலும் உள்ள பொருளைக் குறிக்கிறது. தீவனத் தொட்டி ஒரு குழந்தைக்குத் தொட்டிலானது என்னும் செய்திக்குத் தருமபுரி மாவட்டத்தில் தனிப் பொருள் உண்டு. பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தமிழக அரசு தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கு விரிவாக்கப்பட்டது. வளர்க்க இயலாத குழந்தையை யாரென்று கேட்கப்படாமல் தாய் விட்டுச் செல்லலாம் என்பதே அதன் அடிப்படை.

இத்திட்டத்தின் அமைப்பு சூசையின் முதல் முடிவை ஒத்திருப்பது கவனத்துக்குரியது. பழியைத் தவிர்த்து உயிரைக் காப்பது அதன் இரக்கம். பெண்குழந்தை ஏன் சுமையாகக் கருதப்படுகிறது என்னும் வினாவை அது தொடுவதில்லை என்றும், கைவிடுதலை எளிதாக்குகிறது என்றும் எழுந்த விமர்சனங்கள் அவ்விரக்கத்தின் எல்லையைக் காட்டுகின்றன. காக்கப்பட்ட உயிரின் மதிப்பை அவ்விமர்சனங்கள் குறைத்துவிடா; அடுத்த படி ஒன்று உண்டு என்பதையே அவை உணர்த்துகின்றன.

தேம்பாவணியின் குழவிகள் வதைப் படலமும் இங்கு வேறுவகையில் வாசிக்கப்படும். அங்குக் கொலைக்கு ஆணையிட்டவன் ஏரோது. அவனைப் பழிப்பது எளிது. வரதட்சணையும் வறுமையும் சேர்ந்து குழந்தையை அழிக்கும் இடத்தில் அரசனும் இல்லை, வாளும் இல்லை. கிறித்து பிறப்பு விழாக்களில் அப்படலத்தின் கதை பெரும்பாலும் பாடப்படுவதில்லை. பிரான்சிசு அசிசியார் 1223இல் கிரேச்சியோவில் அமைத்த குடிலின் மரபு இன்று பாலக்கோடு வரை வந்துள்ளது. அக்குடிலில் ஆடும் மாடும் அரசர் மூவரும் இடம்பெறுகின்றனர். குழந்தைகளை இழந்த தாய்மாருக்கு இடமில்லை.

முடிவுரை

இரு நூல்களும் விசுவாசத்தையும் இரக்கத்தையும் ஒன்றாகவே கருதுகின்றன என்னும் பொதுக்கருத்து இவ்வாய்வில் உறுதிப்படவில்லை. தேம்பாவணியின் சூசைக் கதையில் இரக்கம் முந்துகிறது. விசுவாசம் அதை நிறைவு செய்கிறது. பெத்லகேம் குறவஞ்சியில் விசுவாசம் இரக்கத்தை எதிர்பார்க்கிறது. அதன் ஆசிரியரின் காலத்துப் பூசலில் அவ்வெதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. விசுவாசம் இல்லாத இரக்கம் மறைவாக விலகுவதோடு நிற்கலாம். இரக்கம் இல்லாத விசுவாசம் பாடிக்கொண்டே கதவை அடைக்கலாம். இவ்விரண்டு ஆபத்துகளையும் ஒருங்கே காட்டுவதே இந்நூல்களின் நிலைத்த பயன்.

உருவத்தின் தமிழ்மையை அளந்தறிந்த ஆய்வு, பாடப்பட்ட இரக்கம் எந்த வாசல் வரை சென்றது என்பதையும் இனி அளக்க வேண்டும். பாலக்கோடு போன்ற களங்களிலிருந்து எழும் வாசிப்புகள் அதற்கு உதவும். அங்கு மார்கழி இரவில் கீதக் குழு எந்தத் தெரு வரை செல்கிறது, எந்தத் தெருவின் முனையில் திரும்பிவிடுகிறது என்பதும் இவ்விலக்கியங்களுக்கு எழுதப்பட்டு வரும் உரைதான்.