கமலாம்பாள் சரித்திரத்தில் அலர்

தமிழ் நாவலின் தொடக்க காலத்தே தோன்றிய சிறந்த படைப்புகளுள் ஒன்று பி. ஆர். ராஜமய்யர் இயற்றிய கமலாம்பாள் சரித்திரம். வத்தலக்குண்டில் 1872-இல் பிறந்து, 1898-இல் தம் 26-ஆம் அகவையில் மறைந்த ஆசிரியர், இதனை விவேக சிந்தாமணி இதழில் 1893 முதல் தொடர்ந்து எழுதினார்; 1896-இல் இது நூலுருப் பெற்றது. இதன் முற்பகுதி வாழ்க்கைச் சித்திரம், பிற்பகுதி வேதாந்த விளக்கம், இரண்டும் தம்முள் ஒட்டவில்லை எனத் திறனாய்வாளர் குறை கூறுவர். அக்குறை முழுதும் பொருந்துமா என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலின் முழுப்பெயர் 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்' என்பது. பின்பெயர் வழக்கில் நிலைத்தது, முன்பெயர் மறைந்தது. நூலின் உயிர்நிலையோ மறைந்த பெயரிலேயே உள்ளது. அபவாதம் என்பது பழிமொழி. அதனை நம் அகப்பொருள் மரபு அம்பல், அலர் எனப் பகுத்துக் காணும். சிலர் தம்முள் முணுமுணுத்தல் அம்பல். அது பலரறியப் பரவுதல் அலர். முன்னது அரும்பு, பின்னது மலர்.

இப்பகுப்பைக் கொண்டு நோக்கின் நாவலின் இரு பகுதிகளும் ஒரு கொடியின் அரும்பும் மலருமாதல் விளங்கும். சிறுகுளத்துப் பெண்டிர் கூடிப் பேசும் வம்பைப் படித்து நாம் நகைக்கிறோம். ஓரகத்தியின் வாழ்வு கண்டு பொறாத பொன்னம்மாளின் பேச்சும் நமக்கு முதலில் நகைச்சுவையாகவே தோன்றுகிறது. அந்நகைப்பினிடையே அம்பல் அரும்பிவிட்டதை நாம் உணர்வதில்லை. ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளையும் ஓயாது பேசுபவரே. ஆயினும் அவர் சொல்லில் நஞ்சில்லை. பேச்சின் மிகுதியன்று, பேசுவோர் நெஞ்சின் அழுக்காறே தீங்கு விளைப்பது என்பதை இவ்விருவரையும் ஒப்பிட்டு அறியலாம்.

சங்க அகப்பாடல்களில் களவுக்காலத்து அலர் காதலரை வரைவுக்குத் தூண்டும். திருக்குறளின் 'அலரறிவுறுத்தல்' அதிகாரமும் அலரைக் காதலுக்குத் துணையாகவே காட்டும். கற்புக்காலத்து அலர் பெரும்பாலும் தலைவனது பரத்தைமை பற்றியது. ராஜமய்யர் இம்மரபைத் தலைகீழாக்குகிறார். இங்கு அலர் குற்றமற்ற மனைவிமேல் எழுகிறது, கூடியிருந்தாரைப் பிரிக்கிறது.

பிரிப்பதற்கு அலர் மட்டும் போதாது. அதனை ஏற்கும் செவியும் வேண்டும். மனைவியோடு எள்ளியும் ஊடியும் இனிது வாழ்ந்த முத்துஸ்வாமி அய்யர், செல்வமிழந்து உளம் தளர்ந்த நிலையில் அப்பழியை நம்புகிறார். அன்பு உண்டு, அதனைத் தாங்கும் உறுதி இல்லை. நூலில் நிகழும் மெய்யான வீழ்ச்சி பொருள்வீழ்ச்சியன்று, இந்நம்பிக்கை வீழ்ச்சியே. ஊரார் சொல்லால் நிலைகுலைந்தவர்க்குச் சொற்கடந்த அமைதியைக் காட்டவே சச்சிதானந்த சுவாமிகள் வருகிறார். எனவே வேதாந்தம் கதைக்குப் புறம்பான ஒட்டன்று. கதை எழுப்பிய வினாவுக்குரிய விடையே.

விடை நீண்டு, பாத்திரங்களின் குரலைச் சில இடங்களில் மறைக்கிறது என்பது மறுக்கவொண்ணாதது. அது அளவு பற்றிய குறையேயன்றி அமைப்புப் பற்றிய குறையன்று. ஈற்றில் குடும்பம் மீண்டும் ஒன்றுகூடுகிறது. எனினும் ஒரு வினா எஞ்சுகிறது: கமலாம்பாள் பிழையற்றவள் என்பதைக் கணவர் அறிந்துகொண்டார், தம் பிழையை அவர் எந்த அளவுக்கு அறிந்தார்? நாவலை மீண்டும் கற்பார் இவ்வினாவை உடன்கொண்டு கற்பாராக.