நகைப்பு யார்மீது விழுகிறது? சிவகார்த்திகேயனின் பாடல் வரிகள் குறித்த மதிப்பீடு

தொலைக்காட்சி நகைச்சுவை மேடையிலிருந்து திரைப்பாடலுக்கு வந்தவர்களுள் சிவகார்த்திகேயன் குறிப்பிடத்தக்கவர். விஜய் தொலைக்காட்சியின் ‘கலக்கப் போவது யாரு’ நிகழ்ச்சியில் பலகுரல் கலைஞராக அறியப்பட்டு, ‘அது இது எது’ நிகழ்ச்சியைத் தொகுத்தளித்து, 2012இல் ‘மெரினா’ வழியே திரைக்கு வந்த அவர், நெல்சன் இயக்கிய ‘கோலமாவு கோகிலா’ (2018), ‘பீஸ்ட்’ (2022) ஆகிய படங்களுக்குப் பாடல் எழுதினார். இவற்றைப் பொருளற்றவை என ஒதுக்குவது எளிது. ஆயின் அவ்வளவுகோல் இவற்றிடையே உள்ள வேறுபாட்டைக் காட்டாது. நகைப்பு யார்மீது விழுகிறது என்பதே பொருத்தமான வினா.

‘கல்யாண வயசு’ பாடலில் யோகி பாபு ஏற்ற பாத்திரம் தன் கைக்கிளையைப் பேச்சுவழக்கில் முறையிடுகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எள்ளலோடு பேதைமையையும் நகைக்கு நிலைக்களனாகக் கொள்ளும். இங்கு எள்ளலும் பேதைமையும் பேசுவோனிடமே அமைவதால் நகைப்புக்குள் ஏக்கமும் நிற்கிறது.

‘அரபிக் குத்து’ அரபு மொழியின் ஓசையைப் போலச் செய்கிறது. பலகுரல் கலையில் போலச் செய்யப்படும் மனிதர் நம் நினைவில் நிற்பார். இங்கோ பேசுவோரின்றி ஓசை மட்டுமே எஞ்சுகிறது. அது தாளத்திற்குத் துணைசெய்கிறது; எனினும், ஒரு மொழி வேடிக்கை ஒலியாகச் சுருங்கிவிடுகிறது. தன்னையே நகைக்கும் முந்தைய பாடலில்தான் மேடைப் பயிற்சி கவிதைத் திறனாகியுள்ளது.