மூட்டுவலிக்குச் சீனக் கஷாயம்: மரபுகளும் தரமும்

மூட்டுவலிக்கு நல்ல சீன மருந்து எது என்று கேட்டால், அந்த மரபில் ஊறிய வைத்தியர் உடனே பதில் சொல்லமாட்டார். வலி ஓரிடத்தில் நிற்கிறதா, இடம் மாறுகிறதா, மழைக்கு முந்திய நாள் கூடுகிறதா, வெந்நீர் ஒற்றினால் தணிகிறதா, மூட்டு சிவந்து சுடுகிறதா என்று அவர் எதிர்க்கேள்வி கேட்பார். நாக்கைப் பார்ப்பார், நாடி பிடிப்பார். ஏட்டைத் திறப்பது அதற்குப் பிறகுதான்.

இந்தக் கேள்விகளின் வேர் 'ஹுவாங்தி நெய்ஜிங்' என்னும் மூலநூலில் இருக்கிறது. அதன் 'சு வென்' பகுதியின் 43ஆம் அத்தியாயம் 'பீ' என்ற நோயை மட்டுமே பேசுகிறது. காற்று, குளிர், ஈரம் மூன்றும் கூடி உடலுக்குள் புகுந்து ஓட்டத்தை அடைத்தால் பீ. காற்று மிகுந்தால் வலி மூட்டுக்கு மூட்டு தாவும். குளிர் மிகுந்தால் கடுமையாகக் குத்தும். ஈரம் மிகுந்தால் கனத்து, வீங்கி, இடத்தை விட்டு நகராது. பின்னால் வந்த மூட்டுவலிக் கஷாயங்கள் பெரும்பாலும் இந்த மூன்றையும் எந்த வரிசையில் விரட்டுவது என்ற கேள்விக்கு எழுதப்பட்ட விடைகளே.

விடைகளில் மிகப் புகழ்பெற்றது 'து ஹுவோ ஜி ஷெங் தாங்'. கி.பி. 652 வாக்கில் சுன் ஸிமியாவ் தொகுத்த பெருநூலில் வருகிறது. ஓர் உயிர் ஆயிரம் பொன்னைவிட மதிப்புள்ளது என்ற எண்ணத்தில் நூலுக்குப் பெயரிட்டவர் அவர். சிறுநீரகத்தின் பலம் குன்றியவர் குளிர்ந்த ஈரத்தரையில் படுத்துக் காற்று வாங்கினால் வரும் இடுப்புவலிக்கு இதை எழுதினார். மூலிகைகள் பதினைந்து. து ஹுவோ வேர் மட்டும் மூன்று லியாங் (பழைய சீன எடை), மற்ற பதினான்கும் இரண்டிரண்டு லியாங். பத்துப் பங்கு நீர் மூன்று பங்காக வற்றும்வரை காய்ச்சி, மூன்று வேளையாகக் குடித்து, உடம்பைக் கதகதப்பாக வைத்திருக்க வேண்டும்.

இதன் கட்டுமானத்தைக் கவனித்துப் பார்ப்பது நல்லது. து ஹுவோ, ஃபாங் ஃபெங், சின் ஜியாவ், ஷி ஷின் ஆகிய நான்கும் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றப் போகிற படை. புல்லுருவி, து ஜோங் பட்டை, நம் நாயுருவிக்கு உறவான நியு ஷி வேர் மூன்றும் எலும்புக்கும் தசைநாருக்கும் வலுவூட்டுபவை. தாங் குய், சுவான் ஷியோங், ஷாவ்யாவ், தி ஹுவாங் இரத்தத்துக்கு. ஜின்செங், ஃபு லிங், அதிமதுரம் சக்திக்கு. மீதம் ஒன்று லவங்கப்பட்டை, உள்ளே சூடு மூட்ட. விரட்டும் மருந்தைவிட ஊட்டும் மருந்து அதிகம். நெடுநாள் வலியில் தேய்ந்துபோன வயதானவருக்கு இது பொருந்துகிறது, நேற்று வீங்கிச் சிவந்த முழங்காலுக்குப் பொருந்தாது. பெயரைக் கேட்டுக் கடையில் வாங்கிக் குடிப்பவர் தவறவிடும் வேறுபாடு இதுதான்.

இதற்கு நான்கு நூற்றாண்டு முன்பே, கி.பி. 200ஐ ஒட்டி, வைத்தியர் ஜாங் ஜோங்ஜிங் வேறு வழியில் போயிருந்தார். மடக்க முடியாமல் வலிக்கும் மூட்டுக்கு அவர் கொடுத்தது வச்சநாபிக் கிழங்கு. கொல்லும் நஞ்சு அது. எனவே ஐந்து கிழங்கை நறுக்கி, இரண்டு ஷெங் (பழைய முகத்தலளவை) தேனில் ஒரு ஷெங் ஆகும்வரை காய்ச்சி, கிழங்கை எடுத்துவிடச் சொல்கிறார். மற்ற சரக்குகளைத் தனியாக நீரில் காய்ச்சி இந்தத் தேனோடு சேர்க்க வேண்டும். முதலில் ஏழு 'கெ' (ஷெங்கில் பத்தில் ஒரு பங்கு ஒரு கெ) மட்டும் குடிக்க வேண்டும், ஒன்றும் தெரியவில்லையென்றால்தான் மீதி. நஞ்சைக் கையாள்பவருக்கு வேண்டிய ஒழுங்கு முழுவதும் அந்தச் சில வரிகளில் இருக்கிறது என்பது என் எண்ணம். இன்றைய சீன மருந்துத்தரநூலும் அதே கவலையோடுதான் பேசுகிறது: கிழங்கை ஊறவைத்து 4 முதல் 6 மணி நேரம் அவிக்க வேண்டும், பெரிய கிழங்கை வெட்டினால் நடுவில் வெள்ளை தெரியக்கூடாது, நாக்கில் வைத்தால் லேசாக மட்டும் மரத்துப்போக வேண்டும். நம் சித்த மருத்துவத்தில் சுத்தி என்கிறோமே, அதே வேலை. நீண்ட கொதியில் கிழங்கின் நச்சுப்பொருளான அகோனிடின் சிதைந்து நஞ்சு பலமடங்கு குறைகிறது. அவசரமாய்க் காய்ச்சினால் குடித்தவரின் இதயத்துடிப்பு தாறுமாறாகிவிடும்.

மரபுகள் நேருக்கு நேர் மோதியது சோங் அரசு காலத்துக்குப் பிறகு. அந்த அரசு 1076இல் தலைநகர் கைஃபெங்கில் மருந்துக்கடை திறந்தது. பின்னர் அதன் தயாரிப்புகளுக்குச் சூத்திரநூலும் வெளியிட்டது. வச்சநாபி இரண்டு வகை, மண்புழு, பறங்கிச் சாம்பிராணி, வெள்ளைப்போளம் சேர்ந்த மூட்டுவலி மாத்திரை அந்த நூலில் உள்ளது. இன்றும் 'ஷியாவ் ஹுவோ லுவோ தான்' என்ற பெயரில் விற்கிறது. எளியவனுக்கும் ஒரே தர மருந்து என்பது பெரிய காரியம்தான். ஆனால் ஜூ தான்ஷி (1281–1358) அந்தச் சூத்திரநூலைத் தாக்கித் தனிநூலே எழுதினார். சூடும் காரமுமான மருந்துகளை நோயாளியைப் பாராமல் எல்லோருக்கும் கொடுக்கிறீர்கள், தெற்கத்தி மக்களுக்கு வருவது ஈரமும் வெப்பமும் கலந்த நோய் என்பது அவர் வாதம். அவர் பெயரால் வழங்கும் 'அர் மியாவ் ஸான்' பொடியில் இரண்டே சரக்கு: ஹுவாங் பாய் பட்டையும் ஸாங் ஜூ கிழங்கும். சிவந்து வீங்கும் காலுக்கு இன்றும் அதைத்தான் தேடுகிறார்கள். கையில் பதினைந்து சரக்குக் கஷாயமும் இரண்டு சரக்குப் பொடியும் இருக்கும்போது எதை எடுப்பது என்பதை நூல் தீர்க்காது. வைத்தியர் தீர்க்க வேண்டும். இந்த விஷயத்தில் நான் தான்ஷி பக்கம்.

சிங் காலத்தில் கிளைகள் இன்னும் பெருகின. வூ ஜூதொங் 1798இல் எழுதிய நூல் ஈரவெப்ப மூட்டுவலிக்கு 'ஷுவான் பீ தாங்' தந்தது. இடுகாட்டுப் பிணங்களை உற்றுப் பார்த்து உடலமைப்பை ஆராய்ந்த வாங் சிங்ரென் 1830இல் வேறொன்று சொன்னார்: காற்றை விரட்டியும் பலம் ஊட்டியும் வலி போகவில்லையென்றால் இரத்தம் தேங்கியிருக்கிறது, அதை நகர்த்துங்கள். யே தியான்ஷி நாள்பட்ட நோய் நுண்நாளங்களுக்குள் இறங்கிவிடும் என்றும், பூச்சி, புழுக்களால் ஆன மருந்துகளே அங்கே ஊர்ந்து போகும் என்றும் கருதினார். அந்த வழியை நம் காலம்வரை கொண்டுவந்தவர் நான்தோங் நகரின் ஜூ லியாங்சுன் (1917–2015). தேளும் பூரானும் பாம்பும் அவர் மருந்தில் இருந்தன.

ஜப்பானில் கதை வேறு திசையில் சென்றது. யோஷிமாசு தோதோ (1702–1773) காற்று, குளிர் தத்துவம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, வயிற்றைத் தொட்டுப் பார்த்து மருந்து தேர்ந்தெடுத்தார். லவங்கக் கஷாயத்தில் ஸாங் ஜூ கிழங்கும் வச்சநாபியும் கூட்டிய அவரது முறை இன்றும் கீல்வாதத்துக்கு எழுதப்படுகிறது. 1976 முதல் அங்கே இத்தகைய சாறுகளுக்கு அரசு மருத்துவக் காப்பீடு உண்டு. ஆலையில் தயாரான பொட்டலம், எப்போதும் ஒரே அளவு. தான்ஷி கண்டித்ததுபோலவே இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பொட்டலத்திலும் என்ன இருக்கிறது என்று அங்கே சொல்லமுடியும்.

அதுதான் நான் வந்து நிற்க விரும்பும் இடம். பழைய நூலில் 'லியாங்' என்றால் எவ்வளவு? பாடநூல்கள் 3 கிராம் என்று கொள்கின்றன. ஹான் காலத்து வெண்கல எடைக்கல்லை வைத்துக் கணக்கிட்டவர்கள் 15.6 கிராம் என்கிறார்கள். ஐந்து மடங்கு வேறுபாடு! இந்த வழக்கு தீராமலேயே ஒரே கஷாயம் இரு விதமாகக் காய்கிறது. ஷி ஷின் வேரைத் து ஹுவோ கஷாயத்துக்கு 6 கிராம் என்று எழுதிய நூல்கள் உண்டு; மருந்துத்தரநூலோ 1 முதல் 3 கிராமோடு நிறுத்தச் சொல்கிறது. அதன் தழைப்பகுதியில் அரிஸ்டோலோகிக் அமிலம் கூடுதல் என்பதால் 2005 பதிப்பு வேரை மட்டும் அனுமதித்தது.

அந்த அமிலத்தின் கொடுமையை உலகம் பெல்ஜியத்தில் பார்த்தது. 1990களின் தொடக்கத்தில் உடல் மெலிய மாத்திரை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் பழுதானது. சிலருக்குப் பின்னர் சிறுநீர்ப்பாதைப் புற்றும் வந்தது. மாத்திரையில் இருந்திருக்க வேண்டியது ஹான் ஃபாங் ஜி, மூட்டுவீக்கக் கஷாயங்களில் சேரும் நல்ல சரக்கு. அதன் இடத்தில் வந்தது குவாங் ஃபாங் ஜி என்ற வேறொரு கொடியின் வேர். இரண்டாவதைச் சீன அரசு 2004இல் நீக்கியது. சரக்கை இனம் காணத் தெரியாதவன் செய்த பிழைக்கு, மருந்து குடித்தவர் சிறுநீரகத்தால் விலை கொடுத்தார்.

சரக்கை இனம் காண்பது கையால் கற்கும் வித்தை. து ஜோங் பட்டையை ஒடித்து மெல்ல இழுத்தால் வெள்ளி நூல்கள் நீள்கின்றன, அறுந்தபின் சுருங்குகின்றன. அந்த ரப்பர் நூல் இல்லாத பட்டை வேறு மரத்தது. புல்லுருவியில் சிக்கல் இன்னும் ஆழம்: அது எந்த மரத்தில் வளர்ந்ததோ அதன் நஞ்சையும் உறிஞ்சிவிடும். அரளி போன்ற மரத்தில் முளைத்திருந்தால் இதயத்தைப் பாதிக்கும் வேதிப்பொருள்கள் கலந்துவரும். அதற்கென்றே தரநூலில் தனிச்சோதனை இருக்கிறது. சுன் ஸிமியாவ் நூலிலேயே புல்லுருவி இல்லாத பாடத்தில் ஷு துவான் என்ற வேறு மூலிகை இட்டிருப்பதாகக் குறிப்பு வருகிறது.

மருந்து வேலை செய்கிறதா? து ஹுவோ கஷாயம் பற்றிச் சீனாவில் நிறைய ஆய்வுகள் நடந்துள்ளன. பெரும்பாலானவை சிறியவை, யாருக்கு எந்த மருந்து என்பதை மறைக்காதவை. எனவே முழங்கால் தேய்மானத்துக்கு அது உதவலாம் என்பதற்கு மேல் சொல்ல முடியாது. லெய் கோங் தெங் என்ற கொடிக்கு வலுவான சான்று இருக்கிறது. பெய்ஜிங் யூனியன் மருத்துவமனை முன்னின்று, 2014இல் வெளியான ஆய்வில், முடக்குவாதம் கண்ட 207 பேர் 24 வாரம் பங்கேற்றனர். கொடியின் சாறு, அந்நோய்க்கு வழக்கமான நவீன மருந்தான மெத்தோட்ரெக்சேட்டுக்குக் குறையாமல் வேலை செய்தது, இரண்டும் சேர்ந்தபோது இன்னும் நன்றாக. ஆனால் அதே சாறு ஆண்பெண் இருவரின் குழந்தைப்பேற்றையும் கெடுக்கலாம், கல்லீரலையும் தாக்கலாம். கருத்தரிக்க எண்ணும் இளம்பெண்ணுக்குக் கொடுக்கக்கூடாத மருந்து அது.

சிங்கப்பூரிலும் பினாங்கிலும் சீன மருந்துக்கடைகளில் மூட்டுவலி மாத்திரை வாங்கும் தமிழர் பலர். சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி சீன வைத்தியர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். பாட்டிலில் தயாரிப்பாளர் பெயர், சரக்குப் பட்டியல், காலாவதி நாள் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டே நாளில் வலி பறந்துபோனால் மகிழவேண்டாம். மூட்டுவலி மாத்திரையில் யாருக்கும் தெரியாமல் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்பதை அதிகாரிகள் மீண்டும் மீண்டும் பிடித்திருக்கிறார்கள். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் தாங் குய் சேர்ந்த கஷாயத்தைத் தொடுமுன் தம் மருத்துவரிடம் கேட்க வேண்டும், இரத்தக்கசிவு கூடும்.