மட்டமான நிலம் செய்வதே கடினம்: மாதிரி ரயில் காட்சிகள் பற்றி ஒரு விமரிசனம்

மாதிரி ரயிலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பள்ளி விஞ்ஞானக் கண்காட்சியில் பார்த்திருக்கலாம். நண்பர் வீட்டு மேசைமீதும் பார்த்திருக்கலாம். அதில் ஒரு பச்சை மலை இருக்கும். மலையில் ஒரு குகை இருக்கும். குகையிலிருந்து வெளிவரும் ரயில் ஒரு நீல ஆற்றைக் கடந்து செல்லும். ஆற்றின் கரையில் ஊசியிலை மரங்கள் வரிசையாக நிற்கும். செய்தவர் நாகைப் பக்கத்து மாணவராக இருந்தாலும் காட்சி இதுதான். அவர் ஊரில் மலையும் இல்லை, குகையும் இல்லை, ஊசியிலை மரமும் இல்லை. ஆனால் மாதிரி ரயில் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று வெளிநாட்டுப் பெட்டிகளின் மேலுள்ள படங்கள் அவருக்குச் சொல்லியிருக்கின்றன.

விளையாட்டுக்காகச் செய்தது என்றால் இதில் குறை காண ஒன்றுமில்லை. ‘தத்ரூபமான நிலக்காட்சி’ என்று பலகை எழுதி வைத்தால் மட்டும் அதை விமரிசிக்க நமக்கு உரிமை உண்டு. தத்ரூபம் என்றால் என்ன? பொருள்கள் நிறைந்திருப்பதா? பொடி தூவிய பச்சையா? இல்லை. காட்சியில் உள்ள ஒவ்வொரு பொருளும் ‘நான் ஏன் இங்கே இருக்கிறேன்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். அதுவே அளவுகோல். இந்த அளவுகோலை வைத்து, கீழ்வேளூர் ரயில் நிலையத்தை மாதிரியாகச் செய்வது எப்படி என்று பார்ப்போம்.

துண்டுகளை இணைக்கும் முறை

பெரிய மாதிரிப் பாதையை ஒருவரே தம் வீட்டில் அமைப்பது கடினம். இடமும் போதாது, பணமும் போதாது. இதற்கு ஒரு வழி உண்டு. ஆளுக்கு ஒரு பலகைத் துண்டைச் செய்வார்கள். எல்லாத் துண்டுகளின் இரு முனைகளும் ஒரே விதிப்படி இருக்கும். ஒரு மண்டபத்தில் கூடி அவற்றை இணைத்துவிட்டால் நீண்ட பாதை தயார். 1970-களில் அமெரிக்காவில் தொடங்கிய ‘என்-டிராக்’ முறையில் ஒரு துண்டின் அடிப்படை அளவு 4 அடி நீளம், 2 அடி அகலம். அளவு விகிதம் 1:160. ஐரோப்பாவில் 1981-இல் தோன்றிய ‘ஃப்ரெமோ’ அமைப்பு, தண்டவாளம் தரையிலிருந்து 1,300 மி.மீ. உயரத்தில் இருக்கவேண்டும் என்று விதித்தது.

அருமையான ஏற்பாடு. ஆனால் ஒரு குறையை இங்கே சொல்லியாக வேண்டும். தண்டவாளம் எங்கே முடியவேண்டும், மின்கம்பி எப்படி இணையவேண்டும் என்பதற்கெல்லாம் விதி உண்டு. என்ன மாதம் என்பதற்குப் பெரும்பாலும் விதி இல்லை. ஒரு துண்டில் கதிர் முற்றிப் பொன்னிறமாக நிற்கும். அடுத்த துண்டில் நாற்று நடுவார்கள். ரயில் ஒரு கை நீளத்துக்குள் ஐந்து மாதங்களைத் தாண்டிவிடும்! குழுவாகச் செய்பவர்கள் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டியது பச்சைப் பொடியின் நிறத்தை அல்ல, ஆண்டையும் மாதத்தையும்.

கணக்கு என்ன சொல்கிறது?

நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர் வழியாகத் தஞ்சாவூர் வரை ரயில் பாதை 1861-இல் திறக்கப்பட்டது. அந்தப் பாதையில் திருவாரூருக்கும் நாகைக்கும் இடையே உள்ளது கீழ்வேளூர். முதலில் போட்டது அகலப் பாதை. 1870-களில் அதை மீட்டர் பாதையாகக் குறுக்கினார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்து, இந்த நூற்றாண்டில் மீண்டும் அகலப் பாதையாகியது. கைகாட்டி மரமும் ‘ஒய்பி’ நீராவி இஞ்சினும் போய்விட்டன. இப்போது பாதைக்கு மேலே மின்கம்பி செல்கிறது.

எதைச் செய்வது? உலகில் மிகுதியாகப் புழங்கும் 1:87 விகிதத்தை எடுத்துக்கொள்வோம். கடையில் கிடைக்கும் சாதாரணத் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ. இது வெளிநாட்டு 1,435 மி.மீ. பாதைக்கு உரியது. நம் அகலப் பாதை 1,676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வரும். ஆகவே நம் அகலப் பாதை ரயிலைக் கடைத் தண்டவாளத்தில் ஓட்டினால் பாதை ஏழில் ஒரு பங்கு ஒடுங்கிவிடும். மீட்டர் பாதையோ 11.5 மி.மீ. வரும். இதற்காக விற்கும் தண்டவாளம் 12 மி.மீ. வேறுபாடு அரை மில்லிமீட்டர்தான்! பழைய கீழ்வேளூரைச் செய்வதே அளவுக்கு அதிக உண்மையாக இருக்கும்.

இனி இடம். 4 அடித் துண்டு 1:87-இல் 106 மீட்டர் நிலத்தையே காட்டும். நிலையம், கோயில், ஆறு, கடைத்தெரு எல்லாவற்றையும் அதில் திணிப்பவர் எதையும் காட்டவில்லை என்று பொருள். கேடிலியப்பர் கோயிலைத் தண்டவாளத்தின் ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்தினால் பார்ப்பவர் ‘ஆகா’ என்பார். கீழ்வேளூர்க்காரர் முகம் சுளிப்பார். ஒரு துண்டுக்கு நான்கு வயலும் ஒரு மதகும் போதும்.

மரங்களிலும் இதே தவறு. 20 மீட்டர் தென்னை 1:87-இல் 23 செ.மீ. உயரம் இருக்கவேண்டும். நம்மவர் வைக்கும் தென்னை பெரும்பாலும் ஒரு விரல் நீளம். அது தென்னையன்று, தென்னம்பிள்ளை. மண்ணிலும் கவனம் வேண்டும். ஆற்று மணலைத் தூவினால் 1 மி.மீ. பருமணல் ஒவ்வொன்றும் 8.7 செ.மீ. கல்லாகத் தோன்றும். வயலின் களிமண்ணைக் காயவைத்து, இடித்து, துணியில் சலித்துப் பசையோடு பூசுங்கள். களிமண் துகள் மிக நுண்ணியது. ஆகவே அளவும் பொருந்தும். நிறமும் அந்த ஊர் நிறமாகவே இருக்கும்.

மட்டத்துக்குள் இருக்கும் மேடு பள்ளம்

‘டெல்டா மட்டமான நிலம், ஒட்டுப்பலகையைப் பச்சையாகப் பூசினால் முடிந்தது’ என்று நினைப்பவர்கள் உண்டு. மலை செய்வதைவிட மட்டம் செய்வது கடினம் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். காவிரிப் படுகையில் ஒரு சாண் உயர வேறுபாடுதான் நீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைத் தீர்மானிக்கிறது.

அநேக மாதிரிகளில் வாய்க்காலை வயலுக்குக் கீழே பள்ளமாகத் தோண்டி வைத்திருப்பார்கள். அந்த வாய்க்காலிலிருந்து வயலுக்கு நீர் ஏறுவது எப்படி? பாசன வாய்க்காலின் நீர்மட்டம் வயலைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். மடையைத் திறந்தால் நீர் தானே இறங்கவேண்டும். வயலைவிடத் தாழ்ந்தது வடிகால். டெல்டாவில் இரண்டும் உண்டு. மாதிரியில் இரண்டையும் பிரித்துக் காட்டியவர் நிலத்தைப் புரிந்துகொண்டவர். 30 செ.மீ. வரப்பு 1:87-இல் மூன்றரை மில்லிமீட்டர். இரண்டு மூன்று அட்டைகளை ஒட்டினால் வேண்டிய மட்டங்கள் அத்தனையும் கிடைத்துவிடும்.

ரயில் பாதையைப் பாருங்கள். வெள்ளம் தொடாதிருக்க அது ஒரு கரைமேல் செல்கிறது. அந்தக் கரைக்கு மண் எங்கிருந்து வந்தது? பக்கத்திலேயே வெட்டி எடுத்தார்கள். வெட்டிய குழிகளில் நீர் தேங்கிக் கோரையும் ஆகாயத்தாமரையும் வளர்கின்றன. கரை நீரைத் தடுக்குமே என்று இடையிடையே மதகுகள் கட்டினார்கள். கரை, குழி, மதகு மூன்றும் ஒரே காரணத்தின் மூன்று விளைவுகள். ஒன்றை விட்டால் மற்ற இரண்டும் பொய்யாகிவிடும்.

இன்னொன்று: வண்டல் படிந்த இந்த நிலத்தில் பாறை கிடையாது. தண்டவாளத்தின் அடியில் கிடக்கும் சல்லி வெளியூரிலிருந்து வந்தது. ஆகவே காட்சியில் கல் தென்படக்கூடிய இடங்கள் சிலவே. அழகுக்காக வயலோரத்தில் நாலு பாறை வைப்பவர் ஊரையே மாற்றிவிடுகிறார்.

கண் எங்கே இருக்கிறது?

மாதிரியை 75 செ.மீ. மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். நிற்பவரின் கண் 155 செ.மீ. உயரத்தில் என்று கொள்வோம். மேசைக்கு மேலே 80 செ.மீ. அதை 87-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 70 மீட்டர். அதாவது பருந்து பார்ப்பதுபோல் நீங்கள் கீழ்வேளூரைப் பார்க்கிறீர்கள். மட்டமான நிலம் அங்கிருந்து வெறும் வரைபடமாகத்தான் தெரியும். அதையே 130 செ.மீ. உயரத்துக்கு ஏற்றுங்கள். கண் 22 மீட்டர் உயரத்துக்கு இறங்கிவிடும். அது ஒரு தென்னை உச்சி. கண் 135 செ.மீ. உயரத்தில் உள்ள ஒரு மாணவருக்கோ அது 4.35 மீட்டர்தான்: வீட்டு மொட்டை மாடி! அப்போதுதான் அடிவானம் தெரியும். வானத்தின் எதிரே ரயிலின் உருவம் தெரியும். மலைக்காட்சி தாழ்வாக இருந்தாலும் பிழைத்துக்கொள்ளும். மட்ட நிலம் பிழைக்காது.

பின்திரைக்கும் கணக்கு உண்டு. 1 கி.மீ. தொலைவில் நிற்கும் 20 மீட்டர் தென்னந்தோப்பு, கண்ணிலிருந்து 1 மீட்டர் தள்ளியுள்ள திரையில் 2 செ.மீ. உயரமே இருக்கவேண்டும். மற்றதெல்லாம் வானம். நம்மவர் திரையில் பாதிக்குமேல் மரம் எழுதிவிடுகிறார்கள்.

நீரை நீலமாகப் பூசுவதும் கண் இருக்குமிடத்தை மறப்பதால்தான். நீருக்கு நேர் மேலிருந்து பார்த்தால் அதன் பரப்பு சுமார் 2 விழுக்காடு ஒளியையே திருப்பி அனுப்பும். உள்ளே கலங்கிய வண்டல்தான் தெரியும். செங்குத்துக் கோட்டிலிருந்து 80 பாகை சாய்வாகப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி திரும்பும்; வானம் தெரியும். ஆகவே வாய்க்காலின் அடியில் செம்பழுப்பு பூசி, மேலே வார்னிஷை மெல்லிய படலங்களாகப் பலமுறை பூசுங்கள். குனிந்து பார்ப்பவருக்கு வானத்தை அந்தப் பளபளப்பே காட்டிவிடும். நீலச் சாயம் வேண்டியதில்லை.

எந்த மாதம்?

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தது. அதைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. கடைமடையான கீழ்வேளூருக்கு நீர் வந்து சேரப் பின்னும் நாளாகும். அதற்குமுன் நிலம் வெடித்துக் கிடக்கும், ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் எங்கும் நீரும் இளம்பச்சையும். தையில் சம்பா அறுவடை. களத்தில் வைக்கோல் போர். அதன்பின் அறுத்த தாளிடையே உளுந்தும் பயறும். ‘வயல் என்றால் பச்சை’ என்பவர் ஆண்டின் சில மாதங்களை மட்டும் அறிந்தவர்.

ஆண்டும் முக்கியம். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கடற்கரையில் கரையேறித் தென்னைகளைச் சாய்த்தது. அதற்கு முந்திய தோப்பும் பிந்திய தோப்பும் ஒன்றல்ல. அறுவடை இயந்திரம் நிற்கும் வயலின் பக்கத்தில் நீராவி இஞ்சின் வந்தால் அதுவும் பிழையே.

விட்டுவிடுவதும் ஒரு கூற்று

இதுவரை சொன்ன பிழைகளைக் கணக்கால் திருத்திவிடலாம். கடைசிப் பிழை அப்படிப்பட்டதன்று.

மாதிரிக் காட்சிகளில் வரும் கிராமம் எப்போதும் அழகாக இருக்கிறது. கோயில், குளம், ஓட்டு வீடுகள், அழகுக்கு இரண்டு கூரைக் குடிசைகள். நெல் விளைந்திருக்கிறது, விளைவித்தவர் எங்கே வசித்தார்? 1960-களின் கீழ்த்தஞ்சையில் அவர்கள் குடியிருப்பு ஊருக்குள் இல்லை. ஊரைவிட்டு விலகி, வயல்களின் நடுவே இருந்தது. இன்று கீழ்வேளூர் வட்டத்தில் உள்ள கீழவெண்மணியில், கூலி உயர்வுப் போராட்டத்தை ஒட்டி, 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசையில் 44 பேர் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்தக் கொடுமையை மேசைமேல் பொம்மையாக வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் 1960-களின் கீழ்வேளூரைச் செய்கிறேன் என்பவர், குடிசைகளைக் கோயில் பக்கத்தில் அலங்காரமாக வைத்தால், இருந்த இடைவெளியை அழித்துவிடுகிறார். நிலக்காட்சியில் தூரமும் ஒரு செய்திதான். அதை அளந்து, இருந்த இடத்தில் வைக்கவேண்டும்.

ஒப்பிட இரண்டு காட்சிசாலைகளைச் சொல்கிறேன். புனேயில் பி.எஸ். ஜோஷி அமைத்த சிற்றுருவ ரயில் காட்சிசாலை 1998-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பலவகை ரயில்கள் ஒழுங்காக ஓடுவதை அங்கே காணலாம். இயக்கத்தைக் கற்பிப்பதில் அது சிறந்தது. ஆனால் அங்குள்ள நகரம் கற்பனை நகரம். அது எந்த ஊரையும் காட்டுவதாகச் சொல்லவில்லை. ஆகவே அதில் பொய்யும் இல்லை. இங்கிலாந்தில் பெண்டன் என்ற காட்சிசாலை வேறுவகை. ராய் இங்லண்ட் என்பவர் 1925-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து அங்கே வந்தார். பழைய கிராம வீடுகள் மறைந்துகொண்டிருப்பதைக் கண்டு, உண்மையான வீடுகளை அளந்து, 1:76 விகிதத்தில் செய்யத் தொடங்கினார். 1954-இல் காட்சிசாலை உருவாயிற்று. 1920, 30-களின் ஒரு பள்ளத்தாக்கு இன்றும் அங்கே பார்க்கக் கிடைக்கிறது. ரயில் அதில் ஓடுகிறது. ஆனால் காப்பாற்றப்பட்டது நிலம்.

மீட்டர் பாதைக் கீழ்வேளூருக்கு அப்படி ஒன்று இல்லை. அந்தப் பாதையில் வேலைபார்த்த கேங்மேன்களும், கேட் கீப்பர்களும், நிலைய ஊழியர்களும் முதுமையடைந்துவிட்டார்கள். மதகு எத்தனை கண், கைகாட்டி எந்தப் பக்கம், எந்தக் குழியில் ஆம்பல் பூத்தது என்பதெல்லாம் அவர்கள் நினைவில் இருக்கும். வாசகர்களே, பச்சைப் பொடி வாங்குமுன் ஒரு நோட்டுப் புத்தகமும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு அவர்களைப் போய்ப் பாருங்கள். உங்கள் ஊர் நிலையம் எதுவானாலும் இதுவே வழி. முதல் துண்டில் நான்கு வயலும் ஒரு மதகும் சரியாக அமைந்தால், அடுத்த துண்டைச் செய்ய இன்னொருவர் தாமே வருவார்.