யாருக்காகச் சமையல்?

லண்டனில் இந்தியச் சாப்பாடு எங்கே நன்றாயிருக்கும் என்று கேட்கிறவர்கள், அங்கே யாருக்காகச் சமைக்கிறார்கள் என்று கேட்பதில்லை. 1926இல் எட்வர்ட் பால்மர் ரீஜண்ட் தெருவில் ஆரம்பித்த வீராசாமி ஹோட்டல், இந்தியாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய துரைமார்களின் ஞாபகங்களுக்குப் பரிமாறியது. பெயர் மட்டும் நம்முடையது.

இந்தியா கிளப் வேறு ரகம். 1951இல் இந்தியா லீக்காரர்கள் தொடங்கியது. கிருஷ்ண மேனனுக்கும் அதில் பங்குண்டு. பிற்பாடு ஸ்ட்ராண்டுக்கு வந்தது. மாடிப்படி ஏறித்தான் போகவேண்டும். ருசியை மட்டும் வைத்து அதை எடைபோடுவது நியாயமில்லை. மசால் தோசை என்றால் என்னவென்று யாருக்கும் விளக்காமல் ஒருவன் சாப்பிட்டு எழுந்துபோக அந்த ஊரில் ஓர் இடம் இருந்தது, அவ்வளவுதான். 2023 செப்டம்பரில் அதையும் மூடிவிட்டார்கள்.

என்னைக் கேட்டால் ஈஸ்ட் ஹாமுக்குப் போங்கள் என்பேன். நம்மவர்களும் இலங்கைத் தமிழர்களும் நிறைய வசிக்கும் பகுதி. சட்னி புளித்திருந்தால் தமிழிலேயே சண்டை போடலாம்.