இசைத்தட்டா, எண்மப் பதிவா?

இசைத்தட்டில் கேட்டால்தான் பாட்டு, மற்றதெல்லாம் வெறும் சத்தம் என்று வாதிடும் பெரியவர்கள் நம் சங்கத்தில் உண்டு. "எல்லாத்தையும் பென் டிரைவ்ல ஏத்திட்டு, தட்டையெல்லாம் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுடலாமே, மாமா" என்கிற இளைஞர்களும் உண்டு. நூலக அலமாரியைக் காலி செய்யும் பேச்சு எழுந்திருக்கும் இவ்வேளையில், இரு சாராரும் கவனிக்காத சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய 78 சுழற்சித் தட்டில் பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான். ஆலாபனையைக் கிள்ளித்தான் வைக்க முடியும். 1948-இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் எல்.பி. தட்டைக் கொண்டுவந்த பிறகே பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. 1963-இல் வெளிவந்த எம்.எஸ். அம்மாவின் வேங்கடேச சுப்ரபாதம் அந்த வசதியால் நமக்குக் கிடைத்த சொத்து. பழைய தட்டாக இருந்தால் ஆறேழு தடவை முள்ளை எடுத்து எடுத்து வைக்கணும்; பெருமாள் எழுந்த மாதிரிதான்!

ஆனால் எல்.பி.யிலும் ஒரு சங்கடம். தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்று ஒரே சீராகச் சுழல்கிறது. முள்ளோ வெளி விளிம்பில் வினாடிக்குச் சுமார் 51 செ.மீ. கோட்டைக் கடக்கிறது, உள்ளே லேபிளை நெருங்கும்போது 21 செ.மீ.தான். அதே ஒலியைக் குறைந்த இடத்தில் நெருக்கிச் செதுக்குவதால் கூர்மை மழுங்குகிறது. எல்லா இசைக்கும் இது பொதுதான். ஆனாலும் நமக்கு நஷ்டம் அதிகம். நிதானமாகத் தொடங்கி, கல்பனாஸ்வரத்தின் உச்சத்திலோ தனியாவர்த்தனத்திலோ போய் முடிவது நம் கச்சேரி வழக்கம். ஆக, துல்லியமாகக் கேட்க வேண்டிய இடம் தட்டின் மோசமான இடத்தில் வந்து உட்காருகிறது. சுப்ரபாதம் ஒரே நிதானத்தில் போவதால் தப்பித்தது. மிருதங்கத்தின் வலந்தலைச் சொற்கள் தப்புவதில்லை. 1982-இல் வந்த சி.டி.க்கு இந்தத் தொல்லை இல்லை. வினாடிக்கு 44,100 மாதிரிகள். முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் அதற்கு ஒன்றே. தட்டின் "இதமான நாதம்" என்பது பெரும்பாலும் பழக்கதோஷம் என்றே எனக்குப் படுகிறது.

அப்படியானால் இளைஞர் கட்சி ஜெயித்ததா? அதுவும் இல்லை. என் தகப்பனாரின் தட்டுகளை ஒரு கடையில் கோப்பாக மாற்றக் கொடுத்தேன். "கொரகொர சத்தத்தையெல்லாம் எடுத்துட்டேன் சார்" என்றார். எடுத்துத்தான் இருந்தார், தம்புராவையும் சேர்த்து! கீறல் எது, தம்புராவின் மெல்லிய மேல்நாதம் எது என்று அந்த மென்பொருளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. 78 தட்டுகளில் இன்னும் விபரீதம். ஆரம்பகாலத் தட்டுகள் பல, அந்த வேகத்துக்குக் கொஞ்சம் கீழேயோ மேலேயோ பதிவானவை. மாற்றும்போது வேகம் ஆறு சதவீதம் கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். நாலரைக் கட்டைக்காரர் ஐந்து கட்டையில் பாடுவார், கமகங்களும் அவசரப்படும். கோப்பை மட்டும் கேட்கிற பிள்ளைக்கு அதுதான் வித்வானின் குரல். திருத்தலாமென்றால் மூலத்தட்டு கையில் இருக்க வேண்டாமா?

கேட்பதற்கு எண்மமே போதும். ஆனால் இரைச்சலை நீக்காமல், சுருக்காத கோப்பாக ஒரு பிரதி முதலில் எடுக்க வேண்டும். சுருதி தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். தட்டுகளை விற்கக் கூடாது. கொல்கத்தா மழைக்காலத்தில் உறைகள் பூசணம் பிடிக்கும். உள்ளுறைகளை மாற்றி, தட்டுகளைப் படுக்க வைக்காமல் நிறுத்தி அடுக்கணும். அலமாரியில் இடம் இல்லையென்றால் ஐம்பது தட்டுகள் வரை என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன்.